அடுக்குகள்: காஞ்சிக் கைலாசநாதர் கோயிலும் படத்திருத்தத்தின் வரலாறும்

காஞ்சிபுரம் சென்று வந்த நண்பர் ஒருவர் அண்மையில் சில புகைப்படங்களை அனுப்பியிருந்தார். கைலாசநாதர் கோயில் திருச்சுற்றைச் சூழ்ந்து நிற்கும் சிற்றாலயங்களில் ஒன்றின் உட்சுவரை எடுத்த படங்கள் அவை. சுண்ணாம்புப் பரப்பில் செங்காவி நிறத்தில் சில கோடுகள். ஒரு தோளின் வளைவு, ஒரு மணிமுடியின் விளிம்பு என்று ஊகிக்கத்தக்க சுவடுகள். மற்றபடி கறையும் வெடிப்பும். கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி: 'இந்தப் படங்களைத் தெளிவாக்க எந்த மென்பொருளை வாங்கலாம்?'

ஒரு பெயரைச் சொல்லிக் கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் அவர் படமெடுத்த சுவருக்கே திருத்தப்பட்ட வரலாறு ஒன்று உண்டு. ஒரு படத்தை 'நன்றாக்குவது' என்றால் என்ன, அதில் எது கிடைக்கிறது, எது பறிபோகிறது என்ற கேள்விகளுக்கு மென்பொருள் நிறுவனங்களின் விளக்கக் குறிப்புகளைவிட அந்தச் சுவர் தெளிவாக விடை சொல்கிறது. எனவே நண்பருக்கான பதிலைச் சற்று நீட்டி, இங்கே எழுத எண்ணினேன்.

சுவரின் அடுக்குகள்

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன், அதாவது இரண்டாம் நரசிம்மவர்மன், எழுப்பிய கற்றளி இது. பின்வந்த சோழர் காலத்துக் கல்வெட்டு இதனைக் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்று குறிப்பிடுகிறது. அடித்தளத்துக்குக் கருங்கல்லைப் பயன்படுத்திய சிற்பிகள், மேற்கட்டுமானத்துக்கு மணற்கல்லைத் தேர்ந்தனர். மணற்கல் உளிக்கு எளிதில் இணங்கும். மழைக்கும் உப்புக்காற்றுக்கும் அதே எளிமையோடு உதிரும்.

பல்லவர் காலத்திலேயே இச்சிற்பங்களின்மீது மெல்லிய சுண்ணாம்புப் பூச்சும் அதன்மேல் வண்ணமும் இருந்தன. நாம் இன்று 'கல்லின் இயல்பான நிறம்' என்று வியப்பது அன்றைய பக்தர் கண்ட காட்சி அன்று. பின்னர் கல் உதிர உதிர, பிற்காலத்தார் தடித்த சுதையை அப்பிப் பழுது பார்த்தனர். சிதைந்த மூக்குக்குப் புதிய மூக்கு, தேய்ந்த சிங்கத்துக்குப் புதிய பிடரி. பழுது பார்த்தவர்களின் நோக்கத்தைக் குறைசொல்ல இயலாது. அது வழிபாட்டிலிருக்கும் கோயில். மூளியான வடிவம் வழிபாட்டுக்கு ஆகாது என்பது மரபு. ஆனால் ராஜசிம்மனின் சிற்பி செதுக்கிய நெளிவு பல இடங்களில் அந்தப் புதிய சுதைக்குள் மறைந்து போனது. சுதையை நீக்கினால் உள்ளிருக்கும் கல் அதனோடு சேர்ந்து உதிரும் அபாயம். நீக்காவிட்டால் பழைய வடிவத்தைக் காண வழியில்லை.

இந்த இருதலைக்கொள்ளிதான் படத்திருத்தத்தின் அடிப்படைச் சிக்கல். மேலே போட்ட திருத்தத்தைப் பின்னால் கழற்ற முடியுமா, முடியாதா? புகைப்படக்கலையின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

மேகம் வரைந்த காப்டன்

புகைப்படத்தைத் திருத்தும் வழக்கம் கணினியோடு வந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தமிழகத்துக் கோயில்களை முதன்முதலில் விரிவாகப் படமெடுத்தவர்களுள் ஒருவரே அதைச் செய்திருக்கிறார். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட காப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-ஆம் ஆண்டு தஞ்சை, மதுரை, திருச்சி, திருவரங்கம், புதுக்கோட்டை முதலிய இடங்களைப் பதிவு செய்தார். மெழுகேற்றிய காகிதமே அவருடைய நெகட்டிவ்.

அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு மட்டும் மிகையாக இணங்கியது. பச்சைக்கும் சிவப்புக்கும் ஏறக்குறைய குருடு. ஆகவே வானம் வெறும் வெள்ளையாகவும், மரங்கள் கரிய திட்டுகளாகவும் பதிவாகும். ட்ரைப் தம் நெகட்டிவின்மீது தூரிகையால் சாயம் தீட்டினார். நெகட்டிவில் சாயம் பட்ட இடம் அச்சுப்படத்தில் வெளுக்கும் அல்லவா? இவ்வாறு வெற்று வானில் மேகங்கள் பிறந்தன. கரிய மரத்தில் இலைகள் ஒளிர்ந்தன. பல நெகட்டிவுகள் அழியாமல் எஞ்சியிருப்பதால்தான் இந்தக் கைவேலை நமக்குத் தெரிய வந்திருக்கிறது. அச்சுப்படம் மட்டும் எஞ்சியிருந்தால் அந்த மேகங்களை 1858-ஆம் ஆண்டின் தஞ்சை வானம் என்றே நம்பியிருப்போம்.

அதே ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். இன்று கணினியில் சில நொடிகளில் செய்யப்படும் படத்தொடர் இணைப்பின் கைவினை முன்னோடி அது. மேகம் வரைந்ததும் எழுத்துச் சுருளை ஒட்டியதும் ஒரே மனிதரின் கைகள்தாம். முன்னது இல்லாததைச் சேர்த்தது. பின்னது இருப்பதை ஒருங்கே காட்டியது. 'படத்தை மேம்படுத்துதல்' என்ற ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டும் ஒளிந்திருப்பதை மறந்துவிடக் கூடாது.

கண்படியும் மைப்படியும்

இந்த வேறுபாட்டை முதலில் கண்டிப்புடன் கையாண்டவர்கள் கல்வெட்டு அறிஞர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சியின் உதவியாளர்கள் எழுத்துகளைக் கண்ணால் பார்த்துக் கையால் படியெடுத்தனர். கண்படியில் ஒரு தொல்லை உண்டு. படியெடுப்பவருக்குப் புரியாத எழுத்தை, அவருடைய கை தனக்குத் தெரிந்த எழுத்தாகத் 'திருத்தி' விடும். அந்தத் திருத்தம் எங்கே நிகழ்ந்தது என்று படியைப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது.

இதற்கு மாற்றாக வந்தது மைப்படி. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, மேற்பரப்பில் மையொற்றுவார்கள். பள்ளமான எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கருமையாகவும் வரும். கல்லில் இருக்கும் பொளிவும் எழுத்தைப் போலவே வெள்ளையாகத்தான் வரும். ஆயினும் எது எழுத்து, எது பொளிவு என்று முடிவு செய்யும் பொறுப்பு வாசிப்பவரிடம் வெளிப்படையாக விடப்படுகிறது.

1886-இல் சென்னை அரசின் கல்வெட்டாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானிய அறிஞர் ஹூல்ட்ஷ், 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்தார். சிற்றாலயங்களின் அடிப்பட்டைகளில் ராஜசிம்மனின் இருநூற்றுக்கும் மேற்பட்ட விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே கோயிலின் தூண் ஒன்றில், காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் இக்கோயிலின் செல்வத்தைக் கவராமல் திரும்ப அளித்ததைக் கூறும் கன்னடக் கல்வெட்டும் உண்டு. அத்தகைய பதிப்புகளில் சிதைந்த எழுத்துகளை அடைப்புக்குறிக்குள் இடுவது வழக்கம். அறிஞரின் ஊகம் ஊகமாகவே தெரியும்படி அச்சிடப்படும். 'இது கல் சொன்னது, இது நான் சேர்த்தது' என்று பிரித்துக் காட்டும் அந்த எளிய அடைப்புக்குறிக்கு நிகரான ஒன்றைப் புகைப்படத் தொழில் கண்டுபிடிக்க மேலும் நூறாண்டுகள் ஆயின.

1931

தமிழக ஓவிய வரலாற்றில் 1931 மறக்கவியலாத ஆண்டு. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் அவ்வாண்டில் கைலாசநாதர் கோயிற் சிற்றாலயங்களில் பல்லவ ஓவியங்களின் எச்சங்களை அடையாளம் கண்டார். நண்பர் படமெடுத்த சுவடுகள் அவற்றைச் சேர்ந்தவையே. சிவனும் உமையும் நடுவே குழந்தை முருகனுமாக அமர்ந்த சோமாஸ்கந்தக் காட்சி ஒன்று, வண்ணம் உதிர்ந்த பின்னும் கோட்டுருவாக எஞ்சியிருக்கிறது. பல்லவ ஓவியனின் கைக்கு இவ்வளவு அருகில் நம்மைக் கொண்டு செல்லும் சுவர்கள் தமிழகத்தில் மிகச் சிலவே.

அதே 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்நடையில் நாயக்கர் கால ஓவியப் பூச்சு பெயர்ந்திருந்த இடத்தின் அடியில் சோழர் ஓவியங்களைக் கண்டார். ஒரே சுவரில் இரண்டு காலங்கள். மேலுள்ளது பதினேழாம் நூற்றாண்டு. கீழுள்ளது பதினோராம் நூற்றாண்டு. கீழேயிருப்பது மூத்தது என்பதற்காக மேலேயிருப்பதைச் சுரண்டி எறிவது எந்த நியாயத்தில் சேரும்? நாயக்கர் ஓவியமும் வரலாறுதானே?

தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் பின்னர் இதற்கொரு வழி கண்டனர். நாயக்கர் ஓவியத்தைப் பூச்சோடு சேர்த்துச் சிதையாமல் உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளின்மேல் பொருத்தினர். சுவரில் சோழரும் பலகையில் நாயக்கரும் தனித்தனியே பிழைத்தனர். ஒரு படத்தின் மேலடுக்கைக் கழற்றித் தனியே வைத்து, இரண்டையும் காப்பாற்றிய அருஞ்செயல் இது. படத்திருத்த மென்பொருள்களில் 'லேயர்' என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்குத் தஞ்சை உள்நடையே நினைவுக்கு வருகிறது.

ஸ்டுடியோவின் பென்சில்

கோயிலுக்கு வெளியே, கடைத்தெருவில், வேறொரு மரபு வளர்ந்தது. புகைப்பட ஸ்டுடியோக்களில் 'டச்சிங்' செய்பவர் என்று ஒருவர் இருப்பார். சாய்வான பலகையில் நெகட்டிவை வைத்து, பின்னிருந்து ஒளி வரச் செய்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்புகளை நிரப்புவார். கண்ணுக்கடியிலுள்ள கருமையைப் போக்குவார். சொல்லாமலே நிறத்தைச் சற்று வெளுப்பாக்குவார். தனித்தனியே எடுத்த கணவன் மனைவி படங்களை, ஒருவர் மறைந்த பிறகு, ஒரே சட்டத்துக்குள் அருகருகே அமர்த்துவதும் அவர் வேலை. நம் வீட்டுக் கூடங்களில் மாலையிட்டுத் தொங்கும் படங்களில் பல இவ்வாறு பிறந்தவை. அவற்றைப் பொய் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அங்கே படத்தின் பணி சாட்சி கூறுவதன்று, ஆறுதல் கூறுவது.

இத்தகைய ஸ்டுடியோக்களின் எஞ்சிய சேமிப்புகளைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேர்த்து எண்மமாக்கியது. அதே நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்து வந்திருக்கிறது. அத்தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. திருப்பணியின்போது மணல்வீச்சால் எழுத்து தேய்ந்துபோன கோயில்களையும் வண்ணம் பூசி மூடப்பட்ட சிற்பங்களையும் பற்றி இன்று பேச வேண்டுமானால், முன்னிருந்த நிலையைக் காட்ட அத்தகைய அலங்காரமற்ற படங்களே கைகொடுக்கின்றன. ஆறுதலுக்கான படமும் சாட்சிக்கான படமும் ஒரே நிறுவனத்தின் அலமாரிகளில் அருகருகே இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதிருப்பதே நாம் செய்ய வேண்டியது.

கட்டத்தாள்

கணினிப் படம் என்பது என்ன என்று காஞ்சிபுரத்துக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. பட்டுச்சேலையின் முந்தானையில் மயிலோ யாளியோ வருவதற்கு முன், அது கட்டத்தாளில் வரையப்படுகிறது. ஒவ்வொரு சிறு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளி. கட்டம் நிரப்பப்பட்டால் அங்கே ஜரிகை மேலெழும், இல்லையேல் அடங்கும். அதைப் பார்த்து அட்டைகளில் துளையிட்டு ஜக்கார்டில் ஏற்றினார்கள். இப்போது அந்த வரைவும் கணினிக்கு வந்துவிட்டது. நம் புகைப்படமும் இத்தகைய கட்டத்தாள்தான். கட்டத்துக்குள் 'ஆம், இல்லை' என்பதற்குப் பதிலாகச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவுகள் எண்களாக நிற்கின்றன. திருத்தம் என்பது அந்த எண்களை மாற்றுவது.

நெய்த சேலையைத் திருத்த முடியாது. கட்டத்தாள் பத்திரமாக இருந்தால் மறுபடி நெய்யலாம். ஆரம்பகாலப் படமென்பொருள்கள் சேலையையே திருத்தின. தாமஸ் நோல் 1987-இல் எழுதத் தொடங்கி, தம்பி ஜானுடன் வளர்த்த நிரல், 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் ஃபோட்டோஷாப்பாக வெளிவந்தது. அதில் ஒரு முகத்தின்மேல் தீட்டினால் அடியிலிருந்த எண்கள் அழிந்தன. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் 'லேயர்' வந்தது. மூலப்படம் அடியில் அப்படியே இருக்க, திருத்தங்கள் கண்ணாடித்தாள்களைப்போல் மேலே அடுக்கப்பட்டன, வேண்டாதபோது எடுத்துவிடலாம். கல்வெட்டாளரின் அடைப்புக்குறி ஒருவழியாகப் புகைப்படத்துக்கும் வந்து சேர்ந்தது.

நண்பருக்கான பதில்

இப்போது கேள்விக்கு வரலாம். கைலாசநாதர் கோயில் போன்ற இடத்தில் எடுத்த படத்துக்கு மென்பொருள் தேர்வதென்றால் நான் பார்ப்பவை மூன்று.

முதலாவது, மூலக்கோப்பைத் தொடாமல் வேலை செய்கிறதா என்பது. 2007-இல் வந்த லைட்ரூமும், கட்டணமின்றிக் கிடைக்கும் டார்க்டேபிளும் இவ்வகை. கேமராவின் 'ரா' கோப்பை அப்படியே வைத்துவிட்டு, செய்த மாற்றங்களை மட்டும் தனியே குறித்துக்கொள்கின்றன. 1996 முதல் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், அடுக்குகளைக் கொண்டது. 2025-இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பு, பிறகு நீக்கத்தக்க வகையில் திருத்தங்களைச் செய்யவும் வழி தந்தது. எதில் செய்தாலும் 'ஜேபெக்' கோப்பின்மேலேயே மீண்டும் மீண்டும் திருத்திச் சேமிப்பது சுதையின்மேல் சுதை அப்புவதற்குச் சமம். ஒவ்வொரு முறையும் நுண்மை சிறிது கரையும்.

இரண்டாவது, அந்த மென்பொருள் மறைந்தாலும் நம் படம் பிழைக்குமா என்பது. கூகுளின் பிக்காசாவில் ஆயிரக்கணக்கான படங்களை ஒழுங்குபடுத்தியவர்கள் 2016-இல் அது நிறுத்தப்பட்டபோது தவித்தனர். ஃபோட்டோஷாப் 2013 முதல் சந்தா முறைக்கு மாறியது; சந்தா நின்றால் கருவியும் நிற்கும். ஆகவே எதில் திருத்தினாலும், மூலத்தின் ஒரு படியையும் திருத்திய படத்தின் ஒரு படியையும் எவரும் திறக்கத்தக்க வடிவில் வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது, வேலைக்கேற்ற கருவியா என்பது. மங்கிய செங்காவிக் கோட்டை மீட்பதுதான் நண்பரின் தேவை. இதற்கென்றே ஒரு கருவி உண்டு. ஜான் ஹார்மன் 2005-இல் உருவாக்கிய டிஸ்ட்ரெட்ச், இமேஜ்ஜே என்ற இலவச ஆய்வு மென்பொருளின் துணைநிரலாக இயங்குவது. செயற்கைக்கோள் படங்களுக்காக வகுக்கப்பட்ட கணித முறையை அது பாறை ஓவியங்களுக்குப் பயன்படுத்துகிறது. சுவரின் நிறமும் காவியின் நிறமும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றலாம்; எண்களில் சிறு வேறுபாடு இருக்கும். அந்தச் சிறு வேறுபாட்டை இழுத்துப் பெரிதாக்கிப் போலி வண்ணங்களில் காட்டுவதே அதன் வேலை. கண்ணுக்குத் தெரியாத கோடு கருஞ்சிவப்பாக எழுந்து நிற்கும். சுவரிலிருந்து கசிந்த இரும்புக்கறையும் அதே சிவப்பில் எழுந்து நிற்கும்! மைப்படியில் பொளிவும் எழுத்தும் ஒன்றாகத் தெரிந்த அதே சிக்கல். எனவே அப்படத்தை வெளியிடும்போது திருத்தாத படத்தையும் அருகில் வைத்து, எந்தக் கருவியில் என்ன செய்யப்பட்டது என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

மென்பொருளுக்கு முன்பு செய்ய வேண்டியவையும் உண்டு. கல்வெட்டென்றால் வெயில் சாய்வாக விழும் காலையையோ மாலையையோ தேர்க. எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். எந்த நிரலும் தராத தெளிவு அதில் கிடைக்கும். எழுத்தின்மேல் சுண்ணக்கட்டியைத் தேய்க்காதீர்கள். ஓவியத்தின்மேல் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். அளவுகோலும் சாம்பல்நிற அட்டையும் ஓரமாகத் தெரியும்படி ஒரு படமாவது எடுங்கள். நிறத்தைத் திருத்தும்போது ஊகத்துக்கு வேலையிருக்காது.

புதிய சுதை

இறுதியாக ஒன்று. 2023 முதல் ஃபோட்டோஷாப் உள்ளிட்ட மென்பொருள்கள், படத்தில் இல்லாததைத் தாமே வரைந்து நிரப்பும் செயற்கை நுண்ணறிவு வசதிகளைக் கொண்டிருக்கின்றன. சிதைந்த சோமாஸ்கந்தரின் படத்தைக் கொடுத்து 'முழுமையாக்கு' என்றால், உமையின் முகத்தை நொடியில் தந்துவிடும். அழகான முகமாகவும் இருக்கக்கூடும். ஆனால் பல்லவ ஓவியன் வரைந்த முகம் அதுவன்று; எங்கெங்கோ உள்ள பல்லாயிரம் படங்களின் சராசரி அது. ஒட்டுத் தெரியாத அந்தப் பரப்பில் அடைப்புக்குறிக்கு இடமில்லை. அத்தகைய படம் ஒன்று 'காஞ்சி ஓவியம்' என்ற பெயரோடு பத்துப்பேர் கைமாறினால், பதினோராமவருக்கு அதுவே மூலம்.

சுதை அப்பிய பழைய கொத்தனார் கோயில் இடிந்துவிடாமல் காத்தார் என்றாவது சொல்லலாம். நமக்கு அந்தச் சமாதானமும் இல்லை. சுவரிலிருக்கும் கோடுகள் ஆண்டுக்காண்டு மங்குகின்றன. இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சிற்றாலயத்துக்குள் குனிந்து நுழைபவர் வெறும் சுண்ணாம்பை மட்டும் காணலாம். அப்போது நண்பர் அனுப்பிய இந்தப் படங்கள் சாட்சியாக அழைக்கப்படும். கறையும் வெடிப்புமாக, கேமராவிலிருந்து வந்தபடியே, ஒரு கோப்பு எங்காவது இருக்க வேண்டும்.

நண்பருக்கு இப்படி எழுதினேன்: 'கிம்ப், டிஸ்ட்ரெட்ச் இரண்டும் போதும்; செலவில்லை. ஆனால் முதலில் எனக்கு அனுப்பிய கோப்புகளை இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். தெளிவாக்குவதை அதன்பிறகு தொடங்கலாம்.'